செங்கல் அடுப்புக்கு எந்தக் கம்பி: வண்ணாரப்பேட்டையில் செய்து வரவழைக்கலாமா?

தம்பி, நீங்க கேட்டது இது: தண்டையார்பேட்டையிலிருந்து மெல்போர்ன் வந்து ஆறு மாசம். வாடகை வீட்டுக்காரரைக் கேட்டுட்டுப் பின்பக்கம் கரி அடுப்பு கட்டியாச்சு. மூணு பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு, உள் அகலம் 600 மில்லி, ஆழம் 400. மேலே போட பழைய ஃபிரிட்ஜ் கம்பித்தட்டு ஒண்ணு இருக்கு, கடையில ஜி.ஐ. வலையும் கிடைக்குது. இல்லேன்னா அடுத்த மாசம் வர்ற அம்மா கையில ஊர்ல வண்ணாரப்பேட்டைப் பட்டறையில செய்து கொடுத்தனுப்பச் சொல்லலாமா?

ஊர்லயே செய்யச் சொல்லுங்க. இங்கே கடையில விக்கிற தட்டுகள் பெரும்பாலும் கம்பெனி அடுப்புகளோட அளவுக்கு வர்றது. நீங்க கட்டின அடுப்புக்குச் சரியா உட்காராமப் போகலாம்.

ஃபிரிட்ஜ் தட்டை இன்னைக்கே தூக்கிப் போடுங்க. பழைய தட்டுகள்ல காட்மியம் பூச்சு இருக்கலாம், அது 321 டிகிரியிலேயே உருகிடும், உணவுல சேர்ந்தா விஷம். ஜி.ஐ. வலையும் வேண்டாம். அதுமேல இருக்கிறது துத்தநாகம். 420 டிகிரியில உருகும், அதுக்கு முன்னாடியே பூச்சு உரிய ஆரம்பிக்கும். நல்லாக் கனன்ற கரியோட சூடு 700 டிகிரியைத் தாண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்து தீ எழும்பினா போதும், கம்பி அந்தச் சூட்டைத் தொட்டுடும். துத்தநாகப் புகையை இழுத்தவங்களுக்குச் சில மணி நேரம் கழிச்சு குளிரும் காய்ச்சலும் வரும், வெல்டிங் வேலை செய்றவங்களுக்கு இது நல்லாத் தெரியும். குரோம் பூச்சு உரிஞ்சு மீன்ல ஒட்டும். அலுமினியம் சூட்டுல தொய்ஞ்சிடும், புளியும் எலுமிச்சையும் அதை அரிக்கும். எந்தப் பூச்சும் இல்லாம உள்ளும் புறமும் ஒரே உலோகமா இருக்கிற கம்பிதான் உணவுக்கு ஆகும்.

அப்படிப் பார்த்தா மிஞ்சுறது வார்ப்பிரும்பும் எவர்சில்வரும். வார்ப்பிரும்பு சூட்டை நல்லாப் பிடிச்சு வைக்கும். ஆனா தோசைக்கல் மாதிரி எண்ணெய் தடவிப் பழக்கணும், மழையில விட்டா துரு, சூடா இருக்கும்போது பச்சைத் தண்ணி ஊத்தினா விரிசல். பெட்டியில கொண்டு வரவும் கனம். அதனால எவர்சில்வர், அதுலயும் 304ங்கிற நம்பர் ரகம்.

இந்த ரகம் விஷயத்துலதான் ஊர்ல ஏமாறுவாங்க. எஸ்.எஸ். (எவர்சில்வர்) ராடுன்னு பொதுவாக் கேட்டா மலிவு ரகமான 202 கைக்கு வரலாம். காந்தம் வச்சுப் பார்த்துப் பிரயோஜனம் இல்ல, 202, 304 ரெண்டுலயும் பெரும்பாலும் ஒட்டாது. நல்லா இழுத்து ஒட்டினா அது 430 மாதிரி வேற ரகம். செம்புதாஸ் தெருவுல வாங்கினா பில்லுல 304ன்னு எழுதி வாங்கச் சொல்லுங்க. சோதிக்கிற சொட்டு மருந்து வச்சிருக்கிற கடைன்னா முன்னாடியே விட்டுக் காட்டச் சொல்லலாம், மாங்கனீஸ் அதிகமுள்ள 202 சிவக்கும். ராயபுரம், காசிமேடு பக்கம் எவர்சில்வர் கேட்டுல பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. கடல் உப்பு மலிவு ரகத்தை அப்படித்தான் அரிக்கும். மீன் மசாலாவுலயும் அதே உப்புதான், கூடவே புளிப்பு வேற. 316 இன்னும் நல்லாத் தாங்கும், ஆனா கழுவி வைக்கிற வீட்டுக்கு 304 போதும், காசை வீணாக்க வேண்டாம்.

பட்டறையில சொல்ல வேண்டிய அளவு: 290க்கு 400 மில்லியில ரெண்டு தட்டு. சட்டம் 10 மில்லி ராடு, நடுவுல 8 மில்லி ராடு 13. இடைவெளி 12 மில்லி வரும். சங்கரா நழுவாது, வஞ்சிரம் துண்டைத் திருப்பக் கரண்டியும் போகும். நடு ராடு 400 நீளத்துல ஓடணும், அப்பதான் கரண்டி முன்னும் பின்னும் தடையில்லாமப் போகும். 6 மில்லி போட்டா நாளாக ஆக நடுவுல தொய்யலாம். தட்டுகளைத் தாங்க 12 மில்லி சதுரக் கம்பி, 590 நீளத்துல ரெண்டு. பக்கச் சுவர்ல கொஞ்சம் உள்ளே நீட்டின செங்கல் மேல இதை முன்னொண்ணு பின்னொண்ணா வச்சு, அதுமேல தட்டுகளை வைங்க. எல்லாம் சேர்ந்து சுமார் 7 கிலோ வரும், செக்-இன் பெட்டியில போகும்.

590ன்னு குறைச்சுச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. 300 டிகிரி சூடேறினா அந்தக் கம்பி 3 மில்லி நீளும். ரெண்டு பக்கமும் 5 மில்லி விட்டு வச்சா நீள இடம் கிடைக்கும். சிமெண்ட்ல புதைச்சா ஒண்ணு கம்பி வளையும், இல்ல செங்கல் பிளக்கும்.

வெல்டிங்கை ஆர்கான்ல போடச் சொல்லுங்க, 304-ஐ ஒட்டுறதுக்கான 308எல் கம்பி வச்சு. கேட்டுக்குப் போடுற சாதா இரும்பு ராடுல ஒட்டினா எவர்சில்வர் நல்லா இருக்கும், ஒட்டின இடம் மட்டும் துருப்பிடிக்கும். இரும்பு தேய்ச்ச அதே டிஸ்க்கால இதையும் தேய்ச்சாலும் அந்த இரும்புத்தூள் பதிஞ்சு புள்ளி புள்ளியாத் துரு கிளம்பும், புது டிஸ்க்குதான் மாட்டணும். இதை ஊர்ல இருக்கிற உங்க வீட்டு ஆள் யாராவது பக்கத்துல நின்னு பார்க்கணும், ஃபோன்ல சொன்னா நடக்காது. வெல்டிங் கறுப்பைப் பட்டறையிலேயே எடுத்து, தண்ணியில நல்லா அலசிக் கொடுக்கட்டும்.

ஊர்ல அதுல மீன் சுட்டுப் பார்த்துட்டு அனுப்ப வேண்டாம். கருகினது ஒட்டியிருந்தா இங்கே ஏர்போர்ட்ல அம்மாவுக்குத்தான் சங்கடம், உணவு மிச்சத்துல ரொம்பக் கண்டிப்பு. புதுசாவே வரட்டும்.

வந்ததும் சோப்புல கழுவி, ஒண்ணும் வைக்காம அரை மணி நேரம் கரியில காயவிடுங்க. பொன்னும் நீலமுமா நிறம் மாறும், அது இயல்பு. கரிக்கும் தட்டுக்கும் 12லிருந்து 15 சென்டிமீட்டர் இருக்கட்டும். கட்டுமான வேலையில மிஞ்சின, பச்சை சாயல் உள்ள பைன் கட்டையை எரிக்காதீங்க. அதுல ஆர்சனிக் ஏத்தியிருக்கலாம். டோட்டல் ஃபயர் பேன்னு சொல்ற மொத்தத் தீத்தடை அறிவிச்ச நாள்ல கரி அடுப்பு பத்தவைக்கிறதே குற்றம், வெயில் காலத்துல தடை இருக்கான்னு காலையிலேயே பார்த்துக்குங்க.

சுத்தம் பண்ணக் கம்பி பிரஷ் வேண்டாம். முள் உதிர்ந்து உணவோட தொண்டைக்குள்ள போன சம்பவங்கள் இருக்கு. சூடு இருக்கும்போதே பாதி வெங்காயத்தை நீளமான முள்கரண்டியில குத்தி, எண்ணெய் தொட்டு, ராடு ஓடுற போக்கிலேயே தேய்ங்க. ஆறினதும் கழுவித் துடைச்சு உள்ளே எடுத்து வைங்க. உப்பு மசாலாவை ராத்திரி முழுக்க விட்டா 304லயும் குழி விழும்.