டாக்டர் ஹூ கேள்வி பதில்: பழைய எபிசோடும் புது எபிசோடும் கைகோக்கும் இடங்கள்

'டாக்டர் ஹூ' பற்றிப் புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் கேட்டவற்றில், ஒரு எபிசோடு இன்னொன்றை ஞாபகப்படுத்தும் இடங்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வருபவர்களுக்காக: பிபிசியின் இந்தத் தொடர் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கி, 1989இல் நின்று, 1996இல் ஒரே ஒரு டிவி படமாக வந்து, 2005இல் மறுபடி உயிர்பெற்றது. டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசி, டார்டிஸ் என்ற நீலப் பெட்டியில் காலம் விட்டுக் காலம் போய் வருகிறார். சாகும் நிலை வந்தால் உடம்பே மாறி வேறு ஆளாகிவிடுவார்.

லாஸ்பேட்டை நண்பர்: ஆளே மாறிடுறாரே அண்ணா, அதே டாக்டர்தான்னு ஜனங்க எப்படி ஏத்துக்கிட்டாங்க?

1966இல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியாமல் போனது. அவர் இடத்துக்கு பேட்ரிக் ட்ரவுட்டன் வந்தார். முகம், குரல், நடை எல்லாமே வேறு. கூட வந்த நண்பர்களே சந்தேகப்பட்டார்கள். அவரது முதல் கதையில், டாக்டரின் பழைய எதிரிகளான டாலெக்குகளில் ஒன்று அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறது. நண்பர்கள் தடுமாறும் இடத்தில் எதிரி சாட்சி சொல்கிறான்! நம் பக்கத்துத் தெருக்கூத்தில் இந்த வருஷம் ஒருவர் துரியோதனன் கட்டுவார், அடுத்த வருஷம் வேறொருவர் கட்டுவார். ஆனால் பீமன் எதிரே வந்து நின்று சவால் விட்டதும் அவர் துரியோதனன்தான். அதே கணக்குதான் இது.

மஞ்சக்குப்பம் நண்பர்: உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பழைய ஞாபகக் குறிப்பு எது சார்?

1988இல் வந்த 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ்'. தொடரின் 25ஆவது ஆண்டுக் கதை. டாக்டர் மறுபடியும் 1963ஆம் வருஷத்து லண்டனுக்கு, முதல் எபிசோடில் வந்த அதே கோல் ஹில் பள்ளிக்கு வருகிறார். முதல் எபிசோடில் டாக்டரின் பேத்தி சூசன், ஆசிரியையிடமிருந்து பிரெஞ்சுப் புரட்சி பற்றிய புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிப் புரட்டிவிட்டு, "இது இப்படி இல்லையே" என்பாள். நேரில் பார்த்தவள் மாதிரி பேசுகிறாளே என்று நமக்குச் சுருக்கென்று படும். ஜூலை 14ஐக் கொண்டாடும் ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டும். 25 வருஷம் கழித்து, அதே பள்ளியின் ஆய்வகத்தில் டாக்டரோடு வந்த ஏஸ் என்ற பெண் ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கிறாள். பிரெஞ்சுப் புரட்சி பற்றியது! யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கதை நிற்காமல் போகிறது. முதல் எபிசோடைப் பார்க்காதவருக்கு அது மேசைமேல் கிடந்த ஒரு புத்தகம், அவ்வளவுதான். அவருக்கு எதுவும் குறைவதில்லை. பார்த்தவருக்கு மயிர்க்கூச்செறியும். குறிப்பு என்றால் இப்படித்தான் வைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நெல்லித்தோப்பு நண்பர்: 12 தடவைதான் மாறலாம்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படித் தொடருது?

அந்த வரம்பை 1976இல் 'தி டெட்லி அசாசின்' கதை சொன்னது. அன்றைக்கு நான்காவது டாக்டர்தான் ஓடிக்கொண்டிருந்தார், அதனால் யாரும் கவலைப்படவில்லை. 2013இல் ஜான் ஹர்ட் நடித்த போர்க்கால டாக்டர் எண்ணிக்கையில் சேர்ந்தார். 2008இல் அன்றைய டாக்டர் டேவிட் டென்னன்ட் முகம் மாறாமலே ஒரு வாய்ப்பைச் செலவழித்திருந்தார். கூட்டிப் பார்த்தால் அவருக்கு அடுத்து வந்த மாட் ஸ்மித்தோடு கணக்கு முடிந்துபோனது. 2013 கிறிஸ்துமஸ் எபிசோடில் டாக்டரின் தோழி கிளாரா கெஞ்சிக் கேட்க, டாக்டரின் இனத்தவரான டைம் லார்டுகள் புதிய சுற்றைக் கொடுத்தார்கள். இதற்கும் அடித்தளம் பழையதுதான். 1983இலேயே 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' கதையில் மாஸ்டர் என்ற வில்லனுக்கு இப்படியொரு புதிய சுற்றைத் தருவதாக அவர்கள் பேரம் பேசியிருந்தார்கள்.

திருப்பாதிரிப்புலியூர் நண்பர்: முரண்பாடே இல்லையா?

நிறைய. அட்லாண்டிஸ் அழிந்ததற்கு 1967, 1971, 1972 எனத் தனித்தனிக் கதைகளில் மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். பெரிய வழக்கு, டாக்டர் வேலை பார்த்த யூனிட் என்ற படையின் காலம். 1975இல், அந்தக் காலத்தில் டாக்டரோடு பயணித்த சாரா ஜேன், தான் 1980லிருந்து வருவதாகச் சொல்கிறாள். 1983இல் வந்த கதையோ, படைத் தலைவர் பிரிகேடியர் 1976இலேயே ஓய்வு பெற்றதாகச் சொல்கிறது. 2008இல் டாக்டர், அந்தப் படையில் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தானே யோசிப்பதுபோல் ஒரு வசனம் வைத்தார்கள். சிக்கலைத் தீர்க்காமலே, அது இருக்கிறது என்று மரியாதையாக ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கும்.

முத்தியால்பேட்டை நண்பர்: சாரா ஜேன் திரும்ப வந்தப்ப எல்லாரும் அழுதாங்கன்னு அக்கா சொல்றாங்களே, அப்படி என்ன இருக்கு அண்ணா?

1976இல் 'தி ஹேண்ட் ஆஃப் ஃபியர்' கதையின் முடிவில் டாக்டர் அவளை லண்டன் பக்கத்துத் தென் க்ராய்டனில் இறக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இறங்கிப் பார்த்தால் அது அவள் தெருவே இல்லை. அன்றைக்கு அது சிரிப்போடு முடிந்த காட்சி. 2006இல் 'ஸ்கூல் ரீயூனியன்' எபிசோடில் அதே எலிசபெத் ஸ்லேடன், பள்ளிக்கூடச் சாமான் அறையில் டார்டிஸைப் பார்த்துப் பின்னாலேயே நகர்ந்து வருகிறார். திரும்பினால் டாக்டர் நிற்கிறார். அப்புறம் கேட்கிறாள்: ஏன் என்னைத் தேடி வரவில்லை? நீ விட்டுப்போனது க்ராய்டன் இல்லை, ஸ்காட்லாந்தில் இருக்கும் அபர்டீன். 30 வருஷத்துக்கு முந்தைய சிரிப்பு, காத்திருந்தவளின் கோபமாக மாறிவிடுகிறது. அழாமல் என்ன செய்வது?

பிரிகேடியராக நடித்த நிக்கலஸ் கோர்ட்னி 2011இல் காலமானார். அதே வருஷத்து எபிசோடில் டாக்டர் அவருக்குப் போன் போடுகிறார். அவர் போய்விட்டார் என்று நர்ஸ் சொல்கிறார். நீங்கள் வந்தாலும் வரலாம் என்று இன்னொரு பிராந்தியும் ஊற்றி வைக்கச் சொல்வார் என்கிறார். நடிகருக்கு அஞ்சலி, கதைக்கும் திருப்பம்.

கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அம்மா: என் பொண்ணு 2005லிருந்து பாக்குறா. பழசை எல்லாம் பாத்துட்டுத்தான் இதைப் பாக்கணுமா தம்பி?

வேண்டவே வேண்டாம் அம்மா. பிபிசி பழைய டேப்புகளை அழித்துவிட்டதால் அறுபதுகளின் எபிசோடுகள் பல இன்று இல்லவே இல்லை. எல்லாவற்றையும் பார்க்க யாராலும் முடியாது. 2005இன் முதல் எபிசோடு ரோஸ் என்ற கடைப் பெண்ணின் கண் வழியாகத்தான் போகிறது, ஒன்றும் தெரியாதவர்களுக்காகவே எழுதியது. 'ஸ்கூல் ரீயூனியன்' பார்த்து முடித்ததும் 'தி ஹேண்ட் ஆஃப் ஃபியர்' கதையின் கடைசிப் பகுதியைக் காட்டுங்கள். 2024 சீசனின் கடைசி இரண்டு எபிசோடுக்கு முன்னால் 1975இன் 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' நான்கு பகுதிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் சூடெக் என்ற வில்லனுக்குக் குரல் கொடுத்தவர் கேப்ரியல் வூல்ஃப். அந்தக் குரலை அவளே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.