சியானில் இரண்டே நாள்: ஹுவா மலையை விட்டுவிடுங்கள்

சீனாவின் சியான் நகரில் சனி காலை இறங்கி ஞாயிறு இரவு ரயில், கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா, ஹுவா மலைக்கும் போகலாமா என்கிறீர்கள். அப்படியென்றால் ஹுவா மலை வேண்டாம். சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கேபிள் காரில் ஏறினாலும் படிகள் மிச்சம் இருக்கும்.

சனிக்கிழமை நகருக்குள்ளேயே இருங்கள். மிங் அரச வம்சக் காலத்துக் கோட்டைச்சுவரின் சுற்றளவு கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். தெற்கு வாசலில் ஏறினால் மேலேயே வாடகை சைக்கிள் கிடைக்கும், அம்மாவுக்கு மின்வண்டி. மாலையில் முஸ்லிம் தெரு என்ற உணவுக் கடைத்தெரு. அங்கே பாவ்மோ கேட்டால் முதலில் கெட்டி ரொட்டியும் வெறும் கிண்ணமும்தான் வரும். ரொட்டியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தால், ஆட்டுக்கறிச் சாறு ஊற்றிக் கொண்டுவருவார்கள். பொறுமை வேண்டும், ஆனால் பெரிய துண்டாகப் போட்டால் சாறு ஊறாது.

ஞாயிறு காலை முதல் வேலையாக டெரகோட்டா வீரர்கள், அதாவது பழங்காலப் பேரரசரின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் சிலைகள். 1974-இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டுபிடித்தது. மூன்று குழிகளில் முதல் குழிதான் பிரம்மாண்டம்; அதைக் கடைசியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் மற்றவை சப்பென்றிருக்கும். டிக்கெட்டைப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பே எடுத்துவிடுங்கள். அப்புறம், கிளம்பும் முன்பே அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் உங்கள் வங்கி கார்டை இணைத்துவிடுங்கள்.