எந்த இரைக்கு எந்தக் கயாக்?

அன்புள்ள சார்,

துருவப் பகுதி மக்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் கயாக்கை ‘மரமில்லாத ஊரின் படகு’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தீர்கள். சென்ற மாதம் வேலையாக ஐரோப்பா போனபோது ஒரு அருங்காட்சியகத்தில் ஏழெட்டுக் கயாக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தேன். ஒன்று ஊசி மாதிரி. ஒன்று வயிறு பெருத்து, குட்டையாக. இன்னொன்றின் மூக்கு இரண்டாகப் பிளந்திருந்தது. எல்லாமே தோலும் குச்சியும்தான், எல்லா இடத்திலும் அதே குளிர்தான். அப்புறம் ஏன் இத்தனை வடிவம்? அகலமானதில் ஆரம்பித்து, கைதேறத் தேற ஊசி வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்களா? இவற்றில் எது சிறந்தது? எங்கள் வீட்டில் தாத்தா காலம்வரை கடல்தொழில். அதனால்தான் கேட்கிறேன்.

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

அந்த ஒற்றை வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. மரம் இல்லை என்பது படகை எதனால் கட்டினார்கள் என்பதற்குப் பதில். ஏன் அந்த வடிவத்தில் கட்டினார்கள் என்பதற்கு அது பதிலாகாது.

நீங்கள் நினைப்பதுபோல் குட்டையிலிருந்து ஊசிக்கு வளர்ந்த வரிசை எதுவும் இல்லை. குடும்பமும் சாமான்களும் போவதற்கு அவர்களிடம் உமியாக் என்ற பெரிய திறந்த படகு தனியாக இருந்தது. கயாக் வேட்டைக்காரனுக்கு உரியது. ஈட்டியைப் போல அதுவும் ஒரு ஆயுதம். ஆகவே எந்தக் கயாக்கைப் பார்த்தாலும் முதலில் கேட்கவேண்டியது ‘இது எந்த விலங்குக்கு?’ என்பதைத்தான்.

நீங்கள் பார்த்த ஊசியின் மேல்தளம் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து இருந்ததென்றால், அது மேற்குக் கிரீன்லாந்துக் கயாக்காக இருக்கலாம். அந்தக் கரையின் தென்பாதியில் குளிர்காலத்திலும் கடல் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். சீல் மூச்சுவிடத் தலையைத் தூக்கும், சுற்றிலும் பார்க்கும், மூழ்கிவிடும். எறியீட்டி எட்டும் தூரத்துக்குள் சத்தமில்லாமல் போயாக வேண்டும். தளம் உயர்ந்திருந்தால் காற்று பிடித்துத் தள்ளும், சீலின் கண்ணிலும் படும். அதனால்தான் 5 மீட்டரைச் சற்றுத் தாண்டிய நீளத்துக்கு அரை மீட்டர் அகலம், ஆள் கால் நீட்டி உட்காரும் அளவுக்கு மட்டும் உயரம்.

அளவெல்லாம் கட்டுகிறவனின் உடம்பிலிருந்து வந்தது. நீளம் மூன்று பாகம் (உங்கள் தாத்தா கடலின் ஆழத்தைச் சொன்ன அதே பாகம்தான், இரு கையையும் விரித்த அளவு). அகலம், இடுப்போடு இரண்டு கைமுட்டி. இன்னொருவர் படகில் ஏறி உட்கார்ந்தால் சட்டை சேராததுபோல இருக்கும்.

ஈட்டி எறியும் அந்த நொடியைப் பாருங்கள். வேட்டைக்காரனின் முன்னால், ஒரு சிறு தாங்கியின்மேல், தோல்கயிறு சுருள் சுருளாக இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் தளத்தின்மேல் காற்று ஊதிய சீல்தோல் மிதவை. எறிபலகையில் (கைவீச்சின் விசையைக் கூட்டும் சிறு பலகை) வைத்து ஈட்டியை வீசுகிறான். முனை சீலின் தோலுக்குள் போய்க் குறுக்காகத் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது, தண்டு கழன்றுவிடுகிறது. சீல் கீழே பாய, கயிறு சுருளிலிருந்து பறக்கிறது. அது தீர்வதற்குள் பின்னால் கையை நீட்டி மிதவையைத் தண்ணீரில் தள்ளிவிட வேண்டும். இனி சீல் இழுப்பது மிதவையை. கயிறு துடுப்பிலோ கையிலோ ஒரு சுற்று மாட்டினால் இழுபடுவது கயாக். கண் இமைப்பதற்குள் கவிழும். இன்று போட்டிகளில் வித்தையாகப் பார்க்கிறோமே, கவிழ்ந்த கயாக்கில் உட்கார்ந்தபடியே சுழன்று நிமிர்வது, அது இப்படிப்பட்ட ஆபத்துகளுக்குப் பயந்து கற்றுக்கொண்டது. பின்தளம் தாழ்ந்திருப்பதால் மிதவை கைக்கு எட்டுகிறது, மல்லாந்து நிமிர்வதும் எளிது.

அந்த ஒடுக்கமான வடிவத்துக்கு அவர்கள் ஒரு விலையும் கொடுத்தார்கள். காற்றில்லாத நாளில், கண்ணாடிபோல் கிடக்கும் கடலில், முகத்துக்கு நேரே வெயில் அடிக்க, அசையாமல் சீலுக்குக் காத்திருக்கும்போது சிலருக்குத் தொடுவானம் மறைந்துவிடும். படகு சாய்கிறதா, நிற்கிறதா என்று தெரியாது. துடுப்பைத் தூக்கக் கை வராது. கிரீன்லாந்து மொழியில் இதற்கு நங்கியார்நெக் என்று பெயர். நல்ல வேட்டைக்காரர்களே இதன்பிறகு கடலுக்குப் போவதை விட்டிருக்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அருங்காட்சியகக் கயாக்கை வெறும் அழகான பொருளாக என்னால் பார்க்க முடிவதில்லை.

இதைவிடவும் ஒடுங்கிய கயாக்குகள் உண்டு. கனடாவின் ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கே, உள்நாட்டில் வாழ்ந்த காரிபூ இனுயிட்டுகள் என்ற மக்களுடையவை. அங்கே இரை காரிபூ மான். இலையுதிர் காலத்தில் அவை கூட்டமாக ஏரிகளின் இடுங்கிய துறைகளில் நீந்திக் கடக்கும். நீந்தும் மானுக்குத் திரும்பித் தாக்க வழியில்லை. அது கரையேறுவதற்குள் பிடிக்கிற வேகம் இருந்தால் போதும். பக்கத்தில் போய்க் கையீட்டியால் குத்துவார்கள். காரிபூவின் மயிருக்குள் காற்று இருப்பதால் செத்த மானும் மூழ்காது. மிதவை வேண்டாம், கயிறு வேண்டாம், தாங்கி வேண்டாம். மிச்சம் வேகம் மட்டும். அலையில்லாத நீரில் சில வாரங்களுக்கு மட்டுமே வேலை என்பதால் நிலைத்தன்மையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. தோளில் தூக்கி அடுத்த ஏரிக்குப் போகலாம், அத்தனை இலேசு.

உங்கள் வயிறு பெருத்த கயாக் பெரிங் கடலுடையது என்று நினைக்கிறேன். அலாஸ்காவை ஒட்டிய நுனிவாக் தீவு, கிங் தீவு. அணியத்தில், அதாவது முன்மூக்கில், ஒரு பெரிய ஓட்டை இருந்ததா? பனிப்பாளத்தில் இழுத்து ஏற்றக் கைபிடிக்க அது. அங்கே கடல் பாதி தண்ணீர், பாதி பனிப்பாளம். வேட்டைக்காரன் கயாக்கைச் சிறு சறுக்குவண்டியில் வைத்துப் பனிமேல் இழுப்பான், இடையே தண்ணீர் வந்தால் வண்டியைத் தூக்கித் தளத்தில் வைத்துக்கொண்டு துடுப்புப் போடுவான். வால்ரஸ், பெரிய சீல் எல்லாவற்றையும் பாளத்திலேயே அறுத்து, இறைச்சியைப் படகின் வயிற்றுக்குள் அடைத்துக் கொண்டுவருவான். அதற்குத்தான் அந்த வயிறு.

பிளந்த மூக்கு அலூஷியன் தீவுகளுடையது. அங்கே பனிப்பாளம் கிடையாது. மூடுபனி, புயல், பெரிங் கடலும் பசிபிக்கும் மோதும் நீரோட்டங்கள். கடல்நீர்நாயைத் தேடி வெகுதூரம் போவார்கள். மூக்கின் கீழ்ப்பாதி அலையைக் கிழிக்கும், மேல்பாதி அணியம் அலைக்குள் புதையாமல் தூக்கிக்கொடுக்கும். ஏராவையே, அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டையையே, மூன்று துண்டாக்கி, மூட்டுகளில் எலும்புச் சில்லுகள் வைத்து, அலையோடு வளையும்படி கட்டினார்கள். ரஷ்யர்கள் வந்து, தோல் வியாபாரத்துக்காக இந்த மனிதர்களையே விரட்டி வேலை வாங்கியபிறகு, ஆள் உட்காரும் துளை மூன்று உள்ள கயாக் வந்தது. நடுத்துளையில் துடுப்புப் போடாத ரஷ்ய அதிகாரி. இரை மாறினால் மட்டுமில்லை, எஜமான் வந்தாலும் படகு மாறும்.

மரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிரீன்லாந்துக்கு வரும் மரத்தில் பெரும்பகுதி சைபீரிய ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து, பனியில் மாட்டி, துருவக் கடலைக் கடந்து ஒதுங்குவது. அதைச் சட்டமாக்கி ஆணியில்லாமல் தோல்வாரால் கட்டுவார்கள். தோலைப் போர்த்தித் தைப்பது பெண்கள். ஊசி தோலின் பாதிக் கனம்வரைதான் போகும், மறுபுறம் எட்டிப்பார்க்காது. ஓட்டையே விழாவிட்டால் கடல் எங்கே நுழையும்? நூலாக இருக்கும் தசைநாரும் நனைந்தால் உப்பி இறுகும். கயாக்கை ஆணின் படகு என்றே எல்லோரும் எழுதுகிறோம். அவன் உயிர் நின்றது வீட்டுப் பெண்களின் தையலில்.

சரி, சூழலும் இரையும்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தனவா? நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணினேன். கிரீன்லாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள இனுக்வித் மக்களைப் பற்றித் தெரிந்துகொண்டபின் மாறிவிட்டேன். 1818-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ராஸின் கப்பல்கள் அங்கே போனபோது அவர்களிடம் கயாக் இல்லை. கடலும் இருந்தது, சீலும் இருந்தது. ஆனால் ஒரு கொள்ளைநோயில் கட்டத்தெரிந்த முதியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்பது அவர்களே சொல்லிவந்த வரலாறு. படகு யாருடைய கையில் இருந்ததோ அந்தக் கையோடு போய்விட்டது. சூழல் அதைத் திரும்பக் கட்டித்தரவில்லை. 1860-களில் கிட்லாக் என்ற தலைவரோடு கனடாவின் பாஃபின் தீவிலிருந்து ஒரு சிறு கூட்டம் பல ஆண்டுகள் பயணம் செய்து அங்கே வந்து சேர்ந்தது. கயாக்கையும் வில் அம்பையும் அவர்கள்தான் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் அங்கத்திய கயாக் பக்கத்து மேற்குக் கிரீன்லாந்தின் ஊசியைப் போல இல்லாமல், பாஃபின் தீவுக்காரர்களுடையதைப் போலத் தட்டையும் அகலமுமாக இருந்தது. கற்றுக்கொடுத்தவர் கை அப்படி.

‘எது சிறந்தது’ என்று கேட்டிருந்தீர்கள். நுனிவாக்காரனிடம் மேற்குக் கிரீன்லாந்தின் ஊசியைக் கொடுத்தால் வால்ரஸ் இறைச்சியை எங்கே வைப்பான்?

கிரீன்லாந்தின் மற்ற பகுதிகளில் இன்று கயாக் பெரும்பாலும் விளையாட்டுக்கும் போட்டிக்கும்தான். ஒருகாலத்தில் அதை மறந்துபோன அந்த வடமேற்கில், கானாக் ஊரைச் சுற்றி, இன்னமும் கயாக்கிலிருந்து நார்வால் திமிங்கலத்தைக் கையால் ஈட்டி எறிந்து பிடிக்கிறார்கள். சட்டத்துக்கு மேலே இப்போது தோலுக்குப் பதில் கித்தான் துணி. விசைப்படகில் வைத்து வேட்டையிடம்வரை கொண்டுபோவார்கள். நார்வாலுக்கு இயந்திரச் சத்தம் ஆகாது. அதனால் விசையை நிறுத்திவிட்டு, கயாக்கை மெல்ல நீரில் இறக்கி, மிதவையைப் பின்தளத்தில் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்.