பேனாவைத் திறந்தால் வாள்: நூலகர் பதில்கள்

(24 ஆண்டுகள் மதுரையில் பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர் இந்தப் பகுதியில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கிரேக்கப் புராணத்தை வைத்து ரிக் ரியோர்டன் ஆங்கிலத்தில் எழுதிய பெர்சி ஜாக்ஸன் கதைகளைப் பற்றியவை.)

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு டிஸ்லெக்ஸியா (எழுத்துகளைப் படிப்பதில் சிரமம்) இருப்பதாகப் போன வருடம் சொன்னார்கள். புத்தகத்தைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறான். பெர்சி ஜாக்ஸன் வாங்கிக் கொடுக்கச் சொல்லி ஒரு தோழி சொன்னாள். இத்தனை தடிமனான ஆங்கிலப் புத்தகம் அவனுக்கு ஒத்துவருமா?
(ஒரு தாய், திருச்சி)

ஒத்துவரும் அம்மா. அந்தப் புத்தகம் பிறந்ததே உங்கள் மகனைப் போன்ற ஒரு பையனுக்காகத்தான்.

ரிக் ரியோர்டன் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்காரர். பல ஆண்டுகள் நடுநிலைப்பள்ளியில் ஆங்கிலமும் வரலாறும் நடத்தியவர். அவருடைய மகனுக்கு டிஸ்லெக்ஸியாவும், கவனம் சிதறித் துறுதுறுவென்று இருக்கவைக்கும் ஏடிஎச்டியும் இருந்தன. இரண்டாம் வகுப்பில் கிரேக்கப் புராணம் பாடமாக வந்தபோது, அது மட்டும் பையனுக்குப் பிடித்துவிட்டது. தினமும் ராத்திரி படுக்கப்போகும்போது கிரேக்கக் கதை கேட்பான். தெரிந்த கதையெல்லாம் தீர்ந்துபோனதும், அதே தெய்வங்களை வைத்துப் புதுசாக ஒன்று சொல்லுங்கள் என்றான். அப்பா மூன்று இரவுகளில் ஒரு கதையைச் சொல்லி முடித்தார். எழுதிவிடுங்கள் என்று சொன்னவனும் அந்தப் பையன்தான். அதுவே 2005இல் ‘த லைட்னிங் தீஃப்’ என்ற பெயரில் புத்தகமாக வந்தது.

கதையின் நாயகன் பெர்சிக்கு 12 வயது. ஆறு வருடத்தில் ஆறு பள்ளிக்கூடம் மாறியவன். பக்கத்தைப் பார்த்தால் எழுத்துகள் மிதக்கும், வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார முடியாது. பாதிப் புத்தகத்துக்குள் அவனுக்கு ஒரு விஷயம் தெரியவருகிறது: அவன் கடல் தெய்வம் பொசைடனின் மகன். எழுத்துகள் மிதப்பது அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைந்திருப்பதால். உட்கார முடியாமல் துறுதுறுவென்று இருப்பது போர்க்களத்தில் உயிரைக் காப்பாற்றும் வேகம். அதை அவனுக்குச் சொல்கிற அன்னபெத் அறிவுத் தெய்வம் அதீனாவின் மகள், படு கெட்டிக்காரி. அவளுக்கும் அதே சிரமங்கள் உண்டு.

என் நூலகத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். சத்தமாகப் படிக்கச் சொல்லி, திக்கினால் வகுப்பு சிரிக்கும். அதற்குப் பயந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொள்வான். அவன் கையில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். முதல் அத்தியாயத்தின் தலைப்பு, கணக்கு டீச்சரைத் தெரியாத்தனமாக ஆவியாக்கிவிட்டேன் என்கிற பொருளில் இருக்கும். அதைப் படித்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். விரலை வரிக்கு வரி வைத்து, நான்கு மாதம் எடுத்துக்கொண்டான். ஒன்பது முறை புதுப்பித்ததில் புத்தகத்தின் கடன் அட்டையில் ஒரு பக்கம் முழுக்க அவன் வரிசை எண்ணாகவே இருந்தது. முடித்துக் கொண்டுவந்து வைத்த அன்று அவன் கேட்டது, “மிஸ், ரெண்டாவது இருக்கா?”

இரண்டு விஷயங்கள் மட்டும் கவனத்தில் வையுங்கள். சிறப்புப் பயிற்சியாளரிடம் போய்க்கொண்டிருந்தால் அதை நிறுத்த வேண்டாம், இந்தப் புத்தகம் அந்த வேலையைச் செய்யாது. அப்புறம், தனியாகப் படிக்க விடாதீர்கள். ஒலிப்புத்தகத்தை ஓடவிட்டு, பக்கத்தை அவன் கண்ணால் தொடரட்டும். அல்லது நீங்கள் ஒரு பக்கம், அவன் ஒரு பத்தி. உங்கள் ஆங்கிலம் தடுக்கினாலும் பரவாயில்லை. அம்மாவும் தடுக்குவதைப் பார்த்தால் அவனுக்குத் தைரியம் வரும்.

ஒலிம்பஸ் மலை கிரீஸ் நாட்டில்தானே இருக்கிறது? கதையில் ஏன் நியூயார்க்கில் வைத்திருக்கிறார்கள்?
(எட்டாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்)

நல்ல கேள்வி தம்பி. கிரேக்கத் தெய்வங்கள் குடியிருப்பதாகப் புராணம் சொல்லும் நிஜ ஒலிம்பஸ் கிரீஸின் வடபகுதியில், 2,900 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. கதையில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆவது மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு நிஜத்தில் 102 மாடிதான் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். மேற்கத்திய நாகரிகம் எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே தெய்வங்களும் குடிபெயர்வார்கள் என்று பெர்சியின் ஆசிரியர் கைரான் அவனுக்கு விளக்கம் சொல்கிறார். கிரீஸிலிருந்து ரோம், அப்படியே நகர்ந்து இன்று அமெரிக்கா.

இந்த விளக்கம் எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. ஏதென்ஸில் இருக்கும் ஒரு பிள்ளை இதைப் படித்தால், எங்கள் தெய்வம் எங்களை விட்டுப் போய்விட்டதா என்று கேட்கும். அடுத்த தொடரில் கதை ரோமுக்குப் போய், ஐந்தாவது புத்தகத்தில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றுக்கே வந்து சேர்கிறது. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது.

ஆனால் இடம் மாற்றியதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைக் கவனி. பாதாள உலகத்தின் வாசலை ரியோர்டன் லாஸ் ஏஞ்சல்ஸில் வைத்திருக்கிறார், நாட்டின் மேற்குக் கோடியில். பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஒடிசியஸ் இறந்தவர்களைப் பார்க்க உலகைச் சுற்றி ஓடும் ஓசியானஸ் நதியின் விளிம்புக்குக் கப்பலில் போகிறான். சூரியன் எட்டிப் பார்க்காத, இருள் மூடிய கரை அது. இறந்தவர்களின் நாட்டைச் சூரியன் மறையும் திசையில் வைப்பது கிரேக்கர்களின் பழைய வழக்கம். நியூயார்க்கில் புறப்படும் பெர்சியும் மேற்கே, மேற்கே என்றுதான் போகிறான். ஒரு உலக வரைபடத்தை எடுத்து அவன் போகிற ஊர்களைப் பென்சிலால் குறித்துப் பார். நியூஜெர்சி, செயின்ட் லூயிஸ், லாஸ் வேகாஸ், லாஸ் ஏஞ்சல்ஸ். நாங்கள் நூலகச் சுவரில் அப்படி ஒரு வரைபடம் ஒட்டியிருந்தோம்.

புராணத்தில் இருப்பதற்கும் இந்தக் கதைக்கும் எவ்வளவு தூரம்? சும்மா பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதியதா?
(கல்லூரி மாணவி, கோவை)

அப்படித்தான் நானும் முதலில் நினைத்தேன். மெடூசா பகுதியை மூலக்கதையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. முதல் புத்தகத்தின் முடிவைச் சொல்லப்போகிறேன், இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள்.

மூலக்கதை இது. டானயி என்கிற இளவரசியையும் கைக்குழந்தை பெர்சியஸையும் பெட்டியில் அடைத்துக் கடலில் விட்டுவிடுகிறான் அவள் அப்பன். பெட்டி செரிஃபஸ் தீவில் ஒதுங்குகிறது. பிள்ளை வளர்ந்ததும் அந்தத் தீவின் ராஜா பாலிடெக்டிஸ் டானயி மேல் கண் வைக்கிறான். மகன் குறுக்கே நிற்கிறான். அவனை ஒழித்துக்கட்ட, மெடூசாவின் தலையைக் கொண்டுவா என்று அனுப்புகிறான். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள். பெர்சியஸ் கேடயத்தில் அவள் பிம்பத்தைப் பார்த்துத் தலையை வெட்டி எடுத்துவருகிறான். அதே தலையைக் காட்டி ராஜாவைக் கல்லாக்கி அம்மாவை மீட்கிறான்.

இப்போது நாவலுக்கு வாருங்கள். பெர்சியின் முழுப்பெயரே பெர்சியஸ்தான். அவன் அம்மா சாலி, கேப் என்கிற குடிகாரனோடு ஒரு சின்ன வீட்டில் அடிபட்டு வாழ்கிறாள். மெடூசா, நியூஜெர்சி நெடுஞ்சாலை ஓரத்தில் தோட்டத்துச் சிலைகள் விற்கும் கடை வைத்திருக்கிறாள். சிலைகள் எல்லாமே வழி தவறி வந்தவர்கள். பெர்சி ஒரு கண்ணாடி உருண்டையில் அவள் பிம்பத்தைப் பார்த்துத் தலையை வெட்டுகிறான். கடைசியில் அந்தத் தலை ஒரு பெட்டியில் வீட்டுக்கே திரும்பி வருகிறது. புராணத்தில் என்றால் மகன் அதை எடுத்து நீட்டியிருப்பான். பெர்சியும் நீட்டத்தான் போகிறான், ஆனால் அம்மா, என் வாழ்க்கையை நான்தான் சரிசெய்ய வேண்டும் என்கிற அர்த்தத்தில் அவனைத் தடுக்கிறாள். அவன் பெட்டியை அவளிடம் விட்டுவிட்டுப் போகிறான். கேப் காணாமல் போகிறான். ஆளுயரச் சிலை ஒன்றை ஒரு கலைக்கூடத்துக்கு விற்ற பணத்தில் சாலி புது வீடு பார்த்து, கல்லூரியில் சேர்கிறாள்.

டானயிக்குக் கிடைக்காத ஒன்றை ரியோர்டன் சாலிக்குக் கொடுத்திருக்கிறார். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவரால் இதை எழுத முடியாது.

குறை ஒன்றும் உண்டு. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் எழுதியதில் மெடூசா பிறவியிலேயே கோர்கன் என்கிற அரக்கி, மூன்று சகோதரிகளில் சாவு உள்ளவள் அவள் ஒருத்திதான். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வது வேறு. அழகான கூந்தல் கொண்ட பெண்ணைக் கடல் தெய்வம் கோவிலுக்குள் வைத்துக் கெடுத்துவிடுகிறது. தண்டனையோ அவளுக்கு, கூந்தல் பாம்பாகிறது. நாவலில் இது இரண்டு காதலர்கள் கோவிலில் சந்தித்துக்கொண்டதாக மாறிவிட்டது. 12 வயதுப் பிள்ளைகளுக்காக அப்படி எழுதியிருக்கிறார், புரிகிறது. ஆனாலும் அவள் தலை உருளும்போது அவளுக்காக யாரும் ஒரு நிமிஷம் நிற்கவில்லையே என்று எனக்கு வலித்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் மெடூசாவைத் தன் பக்கத்தைப் பேச விட்டிருக்கிறார்கள். நீங்கள் அதைப் பாருங்கள், ஓவிட்டையும் படியுங்கள்.

பேரன் இதையே படித்துக்கொண்டிருக்கிறான். தெய்வங்கள் ஊரெல்லாம் பிள்ளை பெற்றுவிட்டுப் போவதாகச் சொல்கிறான். இது சின்னப் பிள்ளைகள் படிக்கத் தக்கதா?
(ஒரு பாட்டி, தஞ்சாவூர்)

தாராளமாகப் படிக்கலாம் அம்மா. ஆபாசம் எதுவும் இல்லை. மூன்றாவது புத்தகத்திலிருந்து சாவு வரும், பத்து வயதுக்கு மேல் என்றால் தாங்கிக்கொள்வார்கள்.

நீங்கள் சொன்ன விஷயத்தைத்தான் கதையும் கேள்வி கேட்கிறது. பெர்சி போய்ச் சேரும், தெய்வங்களின் பிள்ளைகளுக்கான முகாமில் பன்னிரண்டு தெய்வங்களுக்குப் பன்னிரண்டு குடில்கள். எந்தத் தெய்வமும் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள வராத குழந்தைகள் ஹெர்மீஸின் குடிலில் தரையில் பாய் விரித்துப் படுத்துக் காத்திருக்கின்றன. அந்தக் கோபத்தில்தான் சிலர் எதிரிப் பக்கம் போகிறார்கள். ஐந்தாவது புத்தகத்தின் முடிவில் பெர்சிக்குச் சாகாவரம் தர தெய்வங்கள் முன்வருகின்றன. அவன் வேண்டாம் என்கிறான். அதற்குப் பதில் உங்கள் பிள்ளைகள் எல்லோரையும் 13 வயதுக்குள் உங்கள் பிள்ளை என்று ஒத்துக்கொள்ளுங்கள், பாதாள உலகத்து ஸ்டிக்ஸ் நதி மேல் சத்தியம் செய்யுங்கள் என்று கேட்கிறான். பேரன் அந்த இடத்துக்கு வந்ததும் உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எந்த வரிசையில் படிப்பது?
(வாசகர், சேலம்)

2005 முதல் 2009 வரை வருடத்துக்கு ஒன்றாக வந்த ஐந்தும் முதலில். பிறகு 2010இல் தொடங்கும் ‘ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ ஐந்து, அதன் பின் ‘ட்ரையல்ஸ் ஆஃப் அப்பல்லோ’ ஐந்து. முதல் ஐந்தோடு நிறுத்தினாலும் கதை முழுசாக இருக்கும்.

நம் மகாபாரதத்தை வைத்து இப்படி யாரும் எழுதவில்லையா?
(ஆசிரியர், ஈரோடு)

எழுதியிருக்கிறார்கள். ரோஷனி சோக்‌ஷியின் ஆரு ஷா கதைகள் 2018இல் தொடங்கின. ரியோர்டன் பிற நாட்டுப் புராணங்களை அந்தந்த மரபைச் சேர்ந்தவர்கள் எழுதட்டும் என்று ஆரம்பித்த வரிசையின் முதல் புத்தகம் அது. அட்லாண்டாவில் ஒரு அருங்காட்சியகத்தில் வளரும் சிறுமி ஏற்றக்கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். பாண்டவர்கள் இந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளாகப் பிறந்திருக்கிறார்கள். பாண்டவர்களைக் கூத்திலும் பாட்டி சொல்லியும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சில இடங்களில் அந்நியமாகத் தோன்றும். அதையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

நானும் இப்படி ஒரு கதை எழுதுகிறேன். முனி ஒன்று பேருந்து நிலையத்தில் நிற்கிறது. மேலே நகரவில்லை.
(பிளஸ் ஒன் மாணவன், விருதுநகர்)

தம்பி, பேருந்து நிலையத்தில் அத்தனை கூட்டம் இருக்கிறதே, முனியை ஏன் மற்றவர்கள் பார்க்கவில்லை? அதற்கு முதலில் பதில் எழுது. பெர்சி கதையில் அதற்கு ‘மிஸ்ட்’ என்று ஒரு மூடுபனி இருக்கிறது. அரக்கனை மனிதர்கள் லாரி என்றோ நாய் என்றோ பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்து, ஆபத்து வந்தால் உன் நாயகன் ஏன் வீட்டுக்கு போன் செய்யவில்லை? பெர்சி உலகத்தில் செல்போன் பேசினால் அரக்கர்களுக்கு இருக்கும் இடம் தெரிந்துவிடும். அதனால் வானவில்லுக்குள் ஒரு பொற்காசைப் போட்டுப் பேசுகிறார்கள். பெர்சியின் வாள், மூடி போட்டால் பேனா. தொலைத்தாலும் சட்டைப்பைக்குத் திரும்பி வந்துவிடும், சாதாரண மனிதரை அது வெட்டாது. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு கட்டுப்பாடு. உன் முனிக்கு எது முடியாது என்று ஒரு பக்கம் எழுது, கதை நகரும்.

பெர்சியின் அம்மா ஏன் எல்லாமே நீலக் கலரில் சமைக்கிறாங்க?
(ஐந்தாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்)

நீல நிறத்தில் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்று கேப் ஒருநாள் சொல்லிவிட்டான், கண்ணு. அன்றிலிருந்து அவன் கண் முன்னாலேயே நீலக் கேக், நீல மிட்டாய், நீலச் சோள வறுவல் என்று கொண்டுவந்து வைக்கிறாள். எனக்கு அந்தப் புத்தகத்திலேயே ரொம்பப் பிடித்த ஆள் சாலிதான். உனக்கு வேண்டுமானால் அம்மாவிடம் சொல். ஏழெட்டு நீலச் சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டு, அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்தால் இடியாப்பம் நல்ல நீலமாக வரும். எலுமிச்சை மட்டும் பிழியாதே, ஊதாவாகிவிடும்.