அரையணா டிராம், மணங்குச் சரக்கு: வாசகர் கேள்வி - பதில்

“மெட்ராஸ் டிராமில் அரையணா, முக்காலணா, ஓரணா என்றே கட்டணம் இருந்ததாக வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மைல் கணக்கில் வாங்கியிருந்தால் இப்படி முழுசு முழுசாக வருமா? யார் நிர்ணயித்தது?”
- பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

மைல் கணக்கு இரண்டாம் பட்சம்தான். உச்சவரம்பு அரசின் கையில் இருந்தது. 1886-ஆம் வருட இந்திய டிராம்வே சட்டப்படி, தண்டவாளம் போட அனுமதிக்கும் ஆணையிலேயே எதுவரை வசூலிக்கலாம் என்று குறிக்க இடமுண்டு. அதற்குள் எவ்வளவு வாங்குவது என்பது கம்பெனி பாடு. ஆனால் கம்பெனியின் கையைச் சட்டத்தைவிட இறுக்கிக் கட்டியது சில்லறைக் காசு.

ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. காலணாக் காசு என்றால் 3 தம்படி. கட்டணத்தை 5 தம்படி என்று வைத்தால், நெரிசல் வண்டியில் கண்டக்டர் ஒவ்வொருவருக்கும் மீதிச் சில்லறை பொறுக்கிக் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். 3, 6, 9, 12 என்று போவதுதான் நடைமுறைக்கு ஒத்துவந்தது.

ஆகவே காசை நிலையாக வைத்துக்கொண்டு தூரத்தை வெட்டினார்கள். அதற்குப் பெயர்தான் ஸ்டேஜ். ஒரு ஸ்டேஜ் முடியும் இடம் எல்லோருக்கும் தெரிந்த மார்க்கெட்டாகவோ சந்திப்பாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் தினமும் தகராறுதான். ஸ்டேஜ் ரொம்ப நீளமானால் கிட்டத்தில் இறங்குகிறவர் நடந்தே போய்விடுவார். ரொம்பக் குட்டையானால் டிக்கெட் வகை பெருகும். கொடுத்த காசுக்கு மேல் ஒரு ஸ்டேஜ் கூடுதலாக உட்கார்ந்து வருகிறவரைப் பிடிக்கவும் முடியாது.

கம்பெனி போட்டுப் பார்க்கும் கணக்கை ஒரு கற்பனை எண்ணில் காட்டுகிறோம். ஒரு வண்டி ஒரு மைல் ஓட 8 அணா, அதாவது 96 தம்படி செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சராசரியாக 2 மைல் போகிறார், 9 தம்படி தருகிறார். மைலுக்கு நாலரைத் தம்படி ஆயிற்றா? 96-ஐ நாலரையால் வகுத்தால் 21-க்குச் சற்று மேல். காலியான நடுப்பகல் நடைகளையும் சேர்த்து, வண்டியில் எப்போதும் 22 பேர் இருந்தால்தான் முதலுக்கு மோசமில்லை.

கட்டணத்தை ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். அரையணாவுக்கு அடுத்த படி முக்காலணா. ஒரே தாவலில் 50 சதவீத ஏற்றம். மூன்றில் ஒருவர் வண்டியை விட்டுவிட்டால் ஏற்றியும் பயனில்லை. கையில் பஸ்ஸோ ஜட்காவோ இருக்கிறவர் விடவே செய்வார். எனவே விவரமான நிர்வாகம் காசைத் தொடாமல் ஸ்டேஜைக் குறுக்கும். கட்டணம் ஏறாமலே ஏறிவிடும். ஜனங்களுக்குப் புரிய நாளாகும். நேரடியாக ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தா சாட்சி: 1953 ஜூலையில் இரண்டாம் வகுப்புக்கு ஒரே ஒரு பைசா (காலணா) கூட்டியதற்கு ஊரே தெருவில் இறங்கியது.

“பழைய டிராம் டிக்கெட் ஒன்று கிடைத்தது. ஓரத்தில் எண்கள், ஒரு துளை, ‘15 ந.பை.’ என்ற அச்சு. மெட்ராஸ் டிராம்தானே?”
- தண்டையார்பேட்டை வாசகர்

இல்லை. மெட்ராஸ் டிராம் 1953 ஏப்ரல் 12-இல் நின்றுவிட்டது. ‘ந.பை.’ என்றால் நயா பைசா, ரூபாயில் நூறில் ஒரு பங்கு. அது வந்தது 1957 ஏப்ரல் 1-இல்தான். உங்களிடம் இருப்பது பஸ் டிக்கெட்டாகவோ, வெளியூர் டிராம் டிக்கெட்டாகவோ இருக்கலாம். பம்பாயில் 1964 வரை டிராம் ஓடியது. இன்னொரு எச்சரிக்கை: ‘மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904)’ என்று எங்காவது அச்சிட்டிருந்தால், 1904 என்பது கம்பெனிப் பெயரின் பகுதி. அதை டிக்கெட்டின் வருடமாகக் காட்டி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள்.

ஓரத்து எண்கள் ஸ்டேஜ்கள். துளை, ஏறிய இடத்தைக் காட்டுமா செல்லுபடியாகும் கடைசி இடத்தைக் காட்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். துளை இல்லாத டிக்கெட்டை மறுபடி விற்றுவிட முடியும் என்பதால்தான் செக்கிங்கில் முதலில் துளையைப் பார்ப்பார்கள்.

“துறைமுகத்துச் சரக்கு டிராமில் போனதாமே? பிறகு ஏன் அது நிலைக்கவில்லை? கூலி எப்படிப் போட்டார்கள்?”
- மண்ணடி வாசகர்

துறைமுகத்துக்கும் ஊர்ப்பகுதிக்கும் இடையே ஆளோடு சரக்கும் போனது உண்மை. நகர டிராமுக்குச் சரக்கு சரிப்படாததற்குக் காரணம் ஏற்று இறக்குக் கூலி. மாட்டுவண்டி கிடங்கு வாசலில் ஏற்றி மண்டி வாசலில் இறக்கும், ஒரே வண்டி வாடகை. டிராமில் போட்டால் இரு முனையிலும் வண்டி பிடிக்க வேண்டும், மூட்டை மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்கும். இரண்டு மைலுக்குத் தண்டவாளம் மிச்சப்படுத்துவது அந்தக் கூலிக்கே போதாது. போதாக்குறைக்கு, மூட்டை இறங்கும் வரை பின்னால் பயணிகள் வண்டி நிற்கும். 1873-இல் கல்கத்தாவின் முதல் குதிரை டிராம், சியால்தா ஸ்டேஷன் சரக்கை மனதில் வைத்துத்தான் ஆர்மீனியன் காட் என்ற படித்துறை வரை போடப்பட்டது. அதே வருடம் மூடிவிட்டார்கள்.

கூலி, எடைக்கும் தூரத்துக்கும் சேர்த்துப் போடுவது. பழைய ரசீது பார்க்கிறவர்கள் இடறுவது மணங்கு என்ற பழைய எடை அளவில். மெட்ராஸ் மணங்கு 8 வீசை, அதாவது 25 ராத்தல் (பவுண்டு). ரயில்வே மணங்கோ 82 ராத்தலுக்கு மேல். 500 ராத்தல் கொண்ட ஒரு பாரம் நம்மூர்க் கணக்கில் 20 மணங்கு. ரயில்வே கணக்கில் 6 மணங்கும் கொஞ்சமும். மணங்குக்கு ஓரணா என்று மட்டும் எழுதியிருந்தால், முதல் கணக்கில் 1 ரூபாய் 4 அணா. இரண்டாவதில் 6 அணா 1 தம்படி. ராயபுரம் ஸ்டேஷனில் எழுதிய ரசீதா, மண்டியில் எழுதியதா என்று பார்க்காமல் ரூபாயைக் கூட்டிவிடாதீர்கள். மொத்த எடை ராத்தலிலோ டன்னிலோ எங்காவது இருந்தால் அதை வகுத்துப் பாருங்கள், எந்த மணங்கு என்று தெரிந்துவிடும்.

“டிக்கெட்டே இல்லாமல் டிராம் ஓடியதுண்டா?”
- பெரம்பூர் வாசகர்

உண்டு. 1874-இல் பம்பாயில் குதிரை டிராம் தொடங்கியபோது கொலாபாவிலிருந்து பாய்தோனி வரை 3 அணா, டிக்கெட் கிடையாது. கூட்டம் சேர்ந்ததும் 2 அணாவாகக் குறைத்தார்கள். காசு கொடுக்காமல் போகிறவர்கள் பெருகவே, அந்த வருடமே டிக்கெட் கிழிக்கத் தொடங்கினார்கள்.