பெயிண்ட் அப்புறம், முதல்ல கதவைப் பாருங்க

கேள்வி: மனநல காப்பகத்துல பல வருஷம் இருந்த நாலு பெண்களுக்காக எங்க டிரஸ்ட் திருச்சியில ஒரு வாடகை வீடு எடுத்திருக்கு. மனசுக்கு அமைதியா இருக்க என்ன கலர் அடிக்கலாம்? பாதுகாப்புக்கு வீட்டுக்குள்ள கேமரா வைக்கலாமா?

பதில்: கலர் அவங்களே சொல்லட்டும்ங்க, ஆஸ்பத்திரி பச்சை மட்டும் நீங்களா அடிச்சிடாதீங்க. கேமரா உள்ள வேணவே வேணாம், வச்சே ஆகணும்னா தெருவைப் பாத்த மாதிரி வாசல்ல ஒண்ணு.

காசு போடவேண்டிய இடம் கதவு. காப்பகத்துல இருந்தவங்களுக்கு கதவுன்னா அது வேற யாரோ வெளியிலேருந்து பூட்டுறது. 2001ல ஏர்வாடியில ஒரு மனநல காப்பகத்துல தீப்பிடிச்சப்போ சங்கிலியில கட்டி வச்சிருந்ததால ஓட வழியில்லாம 28 பேர் செத்தாங்க, அதுக்கப்புறமும் பாதுகாப்புன்னாலே பூட்டுன்னு நினைக்கிறது நமக்கு இன்னும் போகல. ரூம், பாத்ரூம் ரெண்டுக்கும் உள்பக்கம் சாவி இல்லாம கையால திருகினா திறக்கிற லாக் போடுங்க, அவசரத்துக்கு வெளியிலேருந்து திறக்க ஒரு சாவி ஸ்டாஃப்கிட்ட இருக்கட்டும், ஆனா தட்டி, பேர் சொல்லி, பதில் வர்ற வரைக்கும் நின்னுட்டுதான் உள்ள போகணும். ராத்திரி கேட் சாவி எல்லாருக்கும் தெரியுற ஆணியில தொங்கட்டும். யாராச்சும் எந்திரிச்சு போயிடுவாங்கன்னு பயமா இருந்தா கேட்ல ஒரு சின்ன மணி கட்டுங்க, போதும்.

அடுத்தது பீரோ. ஆளுக்கு ஒண்ணு, சின்னதா இருந்தாலும் சரி, சாவி அவங்க கையில. 2017 மனநலச் சட்டமே சொந்தத் துணி உடுத்துற உரிமை, யூனிஃபார்ம் கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு சொல்லுது, ஆனா அந்தத் துணியை வைக்க இடம் வேணுமே!

கட்டிலை சுவர் ஓரமா, படுத்த இடத்திலேருந்தே கதவு தெரியுற மாதிரி போடுங்க, முதுகுப்பக்கம் யாரும் வந்து நிக்க முடியாதுங்கிறதே சிலருக்கு தூக்கம் வர வைக்கும். மினுக்குற பழைய டியூப்லைட்டைக் கழட்டிட்டு மஞ்சள் எல்இடி, பாத்ரூம் போற வழியில ஒரு நைட் லாம்ப். கதவு படார்னு அடிக்காம இருக்க ரப்பர் ஒட்டுங்க, கிர்ர்னு அலர்ற காலிங் பெல்லையும் மாத்திடுங்க.

சென்னையில தி பேனியன்ங்கிற மனநலத் தொண்டு நிறுவனம் 2015ல ஆரம்பிச்ச ஹோம் எகெய்ன்ங்கிற வீட்டுத் திட்டத்துல நாலஞ்சு பேர் சேர்ந்து சாதாரண தெருவுல சாதாரண வாடகை வீட்டுலதான் இருக்காங்க. அதனால வாசல்ல டிரஸ்ட் போர்டு மாட்டாதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அது குடித்தனமாவே தெரியட்டும்.

லாக் மாத்துறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பழைய தாழ்ப்பாளையும் பத்திரமா எடுத்து வைங்க, காலி பண்றப்போ கேப்பாங்க.