கொடி தூக்கிய பிறகு

அன்புள்ள சார்,

வணக்கம். நான் அயர்லாந்தில் டிராஹெடா என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறேன். வந்து ஆறு வருடம் ஆகிறது. நீங்கள் கிரிக்கெட், கபடி பற்றி எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். இந்த ஊர் ஆட்டத்தைப் பற்றி உங்களிடம் கேட்கலாமா என்று தயக்கம்தான். இருந்தாலும் கேட்கிறேன்.

எங்கள் ஊர் லவுத் கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. தெற்கே கொஞ்சம் நகர்ந்தால் மீத் கவுண்டி. எங்கள் வார்டிலேயே பாதிப்பேர் லவுத், பாதிப்பேர் மீத். 2025 மே மாதம் இந்த நாட்டுக்கே உரிய கேலிக் கால்பந்தின் லென்ஸ்டர் மாகாண இறுதிப்போட்டியில் லவுத் மீத்தை ஜெயித்தபோது ஊரே சிவப்பாக இருந்தது. அன்று ஆரம்பித்தது. யார் நன்றாக ஆடினார்கள் என்று தொடங்குகிற பேச்சு இரண்டாவது வாய் டீக்குள் 2010க்குப் போய்விடும். அந்த வருடம் இதே இறுதிப்போட்டியில் கடைசி நேரத்தில் மீத்துக்குக் கிடைத்த கோல், கோலே இல்லையாம். ரெஃபரி தவறாகக் கொடுத்துவிட்டார். மீத் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மறு ஆட்டம் ஆடச் சம்மதித்திருக்க வேண்டும், அதுதான் பெருந்தன்மை என்று ஒரு கட்சி. உங்களுக்குக் கிடைத்திருந்தால் நீங்கள் கொடுத்திருப்பீர்களா என்று இன்னொரு கட்சி. கிரிக்கெட்டில் நம் கேப்டன் விஸ்வநாத் அந்தக் காலத்திலேயே அவுட் ஆன இங்கிலாந்தின் பாப் டெய்லரைத் திரும்பக் கூப்பிடவில்லையா என்று என் கணவர் கேட்கிறார்.

என் பையனுக்குப் பதினொரு வயது. அவனும் இங்கே ஒரு கிளப்பில் ஆடுகிறான். போன சனிக்கிழமை ஆள் இல்லையென்று என்னையே கம்பத்துக்குப் பக்கத்தில் அம்பயராக நிறுத்திவிட்டார்கள். அவன் உதைத்த பந்து ஒன்று கம்பத்துக்கு வெளியே போயிருக்கும் போல. நான் அவசரத்தில் பாயிண்ட் என்று வெள்ளைக் கொடியைத் தூக்கிவிட்டேன். நல்லவேளை, நிறைய வித்தியாசத்தில் ஜெயித்தோம், அதனால் ஒன்றும் பாதிப்பில்லை. அன்று ராத்திரி அவன் என்னிடம், "அம்மா, மீத் திருப்பிக் கொடுத்திருக்கணுமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பெயர் வேண்டாம்,
டிராஹெடா

*

அன்புள்ள சகோதரிக்கு,

தயங்கியிருக்கவே வேண்டாம். இந்த ஆட்டத்தை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் சில வருடங்களாகப் பிடித்துப்போய், ராத்திரி கண்விழித்துப் பார்க்கிறவன். கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், பக்கத்துக்குப் பதினைந்து பேர், சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கப் போகிற ஆட்டக்காரர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உங்கள் வார்டில் நடக்கிற சண்டைக்கும் இதுதான் காரணம். ஆடியவர் யாருக்கோ மச்சான், யாருக்கோ வாத்தியார். தோற்றால் சொந்தக்காரரே தோற்ற மாதிரி.

இங்கே படிப்பவர்களுக்காக 2010 இல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜூலை 11, டப்ளின் குரோக் பார்க் மைதானம். லவுத் அயர்லாந்திலேயே பரப்பில் மிகச் சிறிய கவுண்டி. 1957க்குப் பிறகு லென்ஸ்டர் கோப்பையைத் தொட்டதில்லை. எழுபது நிமிடம் முடிந்து, இடையில் வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, லவுத் ஒரு பாயிண்ட் முன்னால். மீத் உயரமாக ஒரு பந்தை கோல் முன்னால் போடுகிறது. பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். ஜோ ஷெரிடன் பந்தைக் கையில் வைத்தபடி கோட்டைத் தாண்டி விழுகிறார். தாக்குகிற அணிக்காரர் பந்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாலும் சரி, எறிந்தாலும் சரி, அது கோல் ஆகாது. ரெஃபரி அம்பயரிடம் ஓரிரு வார்த்தை பேசினார், கோல் என்றார். கோலுக்கான பச்சைக் கொடி ஏறியது. பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் பாயிண்ட், கீழே போனால் கோல். கோலுக்கு மூன்று பாயிண்ட். ஸ்கோரில் முதலில் கோல், அடுத்து பாயிண்ட் என்று எழுதுவார்கள். மீத் 1-12, லவுத் 1-10.

அப்புறம் நடந்தது இன்னும் மோசம். லவுத் ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்து ரெஃபரியைத் தள்ளினார்கள், அடித்தார்கள். போலீஸ் சூழ்ந்து அழைத்துப்போக வேண்டியிருந்தது. பெருந்தன்மையைப் பற்றி வகுப்பெடுக்கிற உங்கள் லவுத் நண்பர்களிடம் இதையும் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள். அந்த ரெஃபரியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எத்தனையோ ஆட்டங்களுக்கு விசில் ஊதிய மனிதரை எல்லோரும் அந்த ஒரு விசிலுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் தவறு நடந்தது என்பதை ரெஃபரியே ஒப்புக்கொண்டதாக ஜிஏஏ சொன்னது. விளையாட்டை நடத்துகிற அமைப்பு அதுதான். ஆனால் மறு ஆட்டம் நடத்த உத்தரவிட எங்கள் விதியில் இடமில்லை, ஜெயித்தவர்கள் முன்வந்தால்தான் உண்டு என்றும் சொன்னது. கண்ணெல்லாம் மீத் பக்கம் திரும்பியது. அவர்கள் கூடிப் பேசினார்கள், முன்வரவில்லை.

உங்கள் பையனின் கேள்விக்கு என் பதில்: முன்வந்திருக்க வேண்டும். முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1995 இல் இதே லென்ஸ்டரில் லீஷ் அணி கார்லோவை வென்றது. வெளியே போன பந்துக்கு பாயிண்ட் கொடுத்திருந்தது டிவியில் தெரிந்துபோயிற்று. லீஷ் தானாகவே மறு ஆட்டம் தந்தது. அதிலும் லீஷ்தான் ஜெயித்தது என்பது வேறு விஷயம்.

ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால் மீத் வீரர்களுக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். உங்கள் கணவர் சொன்ன விஸ்வநாத்தையே எடுத்துக்கொள்வோம். 1980, பம்பாய், ஜூபிலி டெஸ்ட். கபில்தேவ் பந்தில் விக்கெட் கீப்பரிடம் கேட்ச் என்று அம்பயர் கை தூக்கிவிட்டார். டெய்லர் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்லிப்பில் நின்ற கேப்டனுக்கு பந்து மட்டையில் படவில்லை என்று தெரியும். கூப்பிட்டார், திரும்பி வந்தார், போத்தமோடு சேர்ந்து 171 ரன். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. அழகான விஷயம்தான், எனக்கும் சொல்லும்போதெல்லாம் சிலிர்க்கிறது. ஆனால் கவனியுங்கள். அப்பீலைத் திரும்பப் பெறுகிற உரிமையைக் கிரிக்கெட் விதியே கேப்டன் கையில் கொடுத்திருக்கிறது. முடிவெடுத்தது ஒரே ஆள். எடுத்தது சில நொடிகளில். விலை எவ்வளவு என்று அப்போது அவருக்குத் தெரியாது. 171 என்று தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பாரா? கூப்பிட்டிருப்பார் என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

மீத்துக்கு இது எதுவுமே இல்லை. மைதானத்தில் ஷெரிடன் எழுந்து "கோல் இல்லை" என்று சொல்லியிருக்கலாம் என்கிறார்கள். குவியலுக்கு அடியில் கிடந்த மனிதனுக்கு, தான் கோட்டைத் தாண்டியபோது பந்து கையில் இருந்ததா இல்லையா என்பது அந்த அரை நொடியில் எவ்வளவு தெரிந்திருக்கும்? நாம் பத்துக் கோணத்தில், மெதுவாக ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு அவரைத் திருடன் என்கிறோம். அந்த வார்த்தையை நான் ஏற்கமாட்டேன். தட்டுப்பட்ட பந்தை உள்ளே தள்ளினார், விசில் கோல் என்றது, கொண்டாடினார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

அவர்களிடம் கேள்வி வந்தது மறுநாள். அதற்குள் கோப்பை ஊருக்குப் போய்விட்டது. குழந்தைகள் அதோடு படம் எடுத்துக்கொண்டாயிற்று. இன்னொன்று, அந்த மீத் அணி ஓசியில் இறுதிக்கு வந்த அணியும் இல்லை. அரையிறுதியில் டப்ளினை ஐந்து கோல் போட்டு நொறுக்கிவிட்டு வந்தவர்கள். இப்போது ஒரு அறையில் உட்காரவைத்து, வாங்கியதைத் திருப்பித் தருகிறாயா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்கிறார்கள். குழுவாக உட்கார்ந்தால் பெருந்தன்மைக்கு எப்போதுமே ஓட்டு குறைவு. தனியாகக் கேட்டால் தலையாட்டுகிறவர்கூடப் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

எனக்குக் கோபம் அந்த விதிப்புத்தகத்தின் மேல்தான். தவறு என்று நடத்துகிறவர்களே ஒப்புக்கொண்டார்கள். சரிசெய்கிற பொறுப்பை மட்டும் ஜெயித்தவர்கள் தலையில் கட்டினார்கள். 'நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, நீங்கள் நல்லவர்களாக இருந்தால் செய்யுங்கள்' என்றால், அது நியாயம் வழங்குவது இல்லை, நழுவுவது.

செய்ய முடியாது என்பதும் முழு உண்மையில்லை. 1998 இல் அவர்களுடைய இன்னொரு ஆட்டமான ஹர்லிங்கில், கிளேர் - ஆஃபலி அரையிறுதியை ரெஃபரி சுமார் இரண்டு நிமிடம் முன்னாலேயே முடித்துவிட்டார். ஆஃபலி ரசிகர்கள் குரோக் பார்க் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், எழுந்திருக்கவே இல்லை. மறு ஆட்டத்துக்கு உத்தரவு வந்தது. ஆஃபலி அதில் ஜெயித்து, அந்த வருடம் அகில அயர்லாந்துக் கோப்பையையும் வாங்கியது. அது நேரம் சம்பந்தப்பட்ட தவறு, இது கோல் சம்பந்தப்பட்ட தீர்ப்பு, இரண்டும் வேறு என்று விதி தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

2023 ஜனவரியில் இன்னும் வேடிக்கை. கிளப்புகளுக்கான அகில அயர்லாந்து இறுதி. கில்மகட் குரோக்ஸ் இரண்டு பாயிண்டில் கிளென் கிளப்பை வென்றது. ஆனால் கடைசி நிமிடத்தில், ஆள் மாற்றும் குழப்பத்தில், ஜெயித்தவர்கள் பக்கம் பதினைந்துக்கு மேல் ஆள் களத்தில் நின்றிருந்தார்கள். கிளென் முறையிட்டது, மறு ஆட்டம் என்றார்கள், குரோக்ஸ் மேல்முறையீட்டுக்குப் போனது. கடைசியில் போதும்டா சாமி என்று கிளென்னே விலகிக்கொண்டது. பாதிக்கப்பட்டவன் வாயை மூடிக்கொண்டால் அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்துவிடுகிறோம், இல்லையா? அடுத்த வருடமே கிளென் அந்தக் கோப்பையை வாங்கியபோது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

2025 முதல் கேலிக் கால்பந்துக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தால் பந்தை நீங்களே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தூக்கி வீசினாலோ, பிடித்துவைத்துக்கொண்டு முரண்டு பிடித்தாலோ பந்து ஐம்பது மீட்டர் முன்னால் போய்விடும். ரெஃபரியிடம் பேச கேப்டனுக்கு மட்டும்தான் உரிமை. பண்பாக நடந்துகொள் என்று பல வருடம் கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஐம்பது மீட்டர் என்றதும் எல்லோரும் சமர்த்தாகப் பந்தைக் கையில் கொடுக்கிறார்கள். பயத்தில் வருகிற பண்பு பண்பா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆட்சேபணை இல்லை. பத்து தடவை பயந்து கொடுத்தவனுக்குப் பதினோராவது தடவை கை தானாகவே நீளும்.

சரி, யார் நன்றாக ஆடினார்கள் என்ற பேச்சு என்னவாயிற்று? 2010 பற்றி வாதாடுகிறவர்கள் யாராவது பேடி கீனன் பெயரைச் சொல்கிறார்களா? நடுக்களத்தில் ஆடிய லவுத்காரர். அந்த வருடத்தின் சிறந்த பதினைந்து பேருக்குக் கொடுக்கிற ஆல் ஸ்டார் விருது வாங்கினார். லவுத்திலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். எழுபது நிமிடம் ஒருவர் ஓடி ஓடி ஆடியதை அந்தக் கடைசி ஒரு நிமிடம் விழுங்கிவிட்டது. அநியாயத்தில் இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

2025 இறுதி அதற்கு நல்ல மருந்து. லவுத் 3-14, மீத் 1-18. அறுபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு. 2023, 2024 இரண்டு இறுதியிலும் டப்ளினிடம் தோற்றுவிட்டு வந்த அணி. அதே மீத்தை, அதே மைதானத்தில், மூன்று கோல் போட்டு, யாரும் வாய் திறக்க முடியாதபடி வென்றார்கள். மீத்தும் அந்த வருடம் டப்ளினை வீழ்த்தி வந்த நல்ல அணி, அதையும் சொல்ல வேண்டும். இதற்குமேலும் டீ நேரத்தில் 2010 வந்தால், அது காயத்தால் வருகிறது என்று நான் நினைக்கவில்லை. சுவையான சண்டையை விட யாருக்கு மனசு வரும்?

இப்போது உங்கள் கடிதத்துக்கே வருகிறேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிகளை நான் மூன்று தடவை படித்தேன். பந்து வெளியே போயிருக்கும் போல என்கிறீர்கள். நீங்கள் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றீர்கள், அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் உதைத்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? கால் பட்ட விதத்திலேயே தெரிந்துவிடும். கொடி தூக்கியது அம்மா. அத்தனை பேர் நடுவில் அம்மாவைத் தப்பு என்று எப்படிச் சொல்வான்? வாயை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறான். அன்று ராத்திரி வந்து மீத்தைப் பற்றிக் கேட்கிறான்.

அவனிடம் 2010 பற்றி நான் எழுதியதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். தெரிந்துவைத்துக்கொள்ளட்டும், அவசரமில்லை. முதலில் "அந்த பந்து வெளியேதானே போச்சு? நான்தான் தப்பா கொடியைத் தூக்கிட்டேன்" என்று நீங்கள் ஆரம்பியுங்கள். பாதிப்பில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்கு இருந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமையும் உங்களைத்தான் நிறுத்துவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம், ஒரு தடவை நின்றவரை எந்தக் கிளப்பும் விடாது. என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.